செயலாளர் ஆண்டறிக்கை 2025: எமது தெருக்களில் ஹலோவீன்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்து வோபேர்ன் வாழ் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழமையான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு ஒழுங்காகக் கூடியது. கோடையில் பூங்காத் துப்பரவுப் பணி நடந்தது. தனியாக இருக்கும் முதியவர்களின் வாசலில் பனி வழிக்கும் வேலையை எங்கள் இளைஞர்கள் இந்தக் குளிர்காலத்திலும் கைவிடவில்லை. அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இனி, கடந்த பொதுக்கூட்டம் எங்களிடம் ஒப்படைத்த விடயம்: ஒக்டோபர் 31 இரவில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்க வரும் ஹலோவீன். அன்று ஓர் உறுப்பினர் எழுந்து, “இப்ப ஆர் ஹலோவீனுக்கு வருகினம்? வாங்கி வைச்ச சொக்லேற் அப்பிடியே மிஞ்சிப் போச்சு” என்றார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொருவர், தன் வீட்டில் ஏழரை மணிக்கே பெட்டி காலி என்றார். ஒரே அயலில் இப்படி எப்படி நடக்கிறது என்று பார்த்து வரும்படி கூட்டம் கேட்டுக்கொண்டது. அதன்படி ஒக்டோபர் 31 மாலை குழுவினர் சிலரும் நானும் எமது பகுதி முழுவதும் நடந்தோம்.

இருவர் சொன்னதும் உண்மைதான். பிள்ளைகள் குறையவில்லை. அவர்கள் போகும் தெருக்கள்தான் மாறிவிட்டன.

எமது வளைவுத் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் 1950கள், 60களில் கட்டப்பட்ட ஒரு தளப் பங்களோ வீடுகள். அவற்றில் பலவற்றில் இப்போது வயதானவர்கள் மட்டுமே. பிள்ளைகள் வளர்ந்து மார்க்கம், ஏஜாக்ஸ் என்று அயல் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வாசல் லைட் எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தட்டக்கூடாது என்பது இந்த நாட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வரிசையாக நாலு வீடு இருட்டாக இருந்தால் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள் திரும்புவதே இல்லை. ஐந்தாவது வீட்டுக்காரர் லைட்டைப் போட்டுவிட்டுப் பெட்டியோடு காத்திருப்பார். அவருக்கு ஹலோவீன் அழிந்துவிட்டது போலத்தான் தெரியும். எதிர்ப்பக்கத் தெருவில் பூசணிக்காயைச் செதுக்கி விளக்கு வைத்த வீடுகள் அடுத்தடுத்து இருந்ததால் அங்கே நடைபாதையில் இடம் இல்லாத அளவுக்குச் சனம்.

எங்கள் ஆட்கள் பலர் லைட்டை அணைப்பது பழைய பழக்கம். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு, இருட்டியதும் முகமூடி போட்ட பிள்ளைகள் கதவைத் தட்டுவது விளங்கவில்லை. அப்போது அணைத்த லைட் சில வீடுகளில் இன்னும் அணைந்தே இருக்கிறது. பேய் வேஷம் வீட்டு வாசலுக்கு ஆகாது என்று மனதார நினைக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்த எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் 2024இல் தீபாவளியும் ஒக்டோபர் 31இல்தான் வந்தது. அன்று வாசலில் விளக்கு வைத்த வீடுகளுக்குப் பிள்ளைகள் தாமாகவே ஏறி வந்தார்கள். அப்படி வந்தவர்களைக் கண்டு மனம் மாறிய சிலர் 2025இலும் லைட்டைப் போட்டிருந்தார்கள்.

அப்படி ஒரு வீட்டில் நாங்கள் நின்றபோது கண்டதைச் சொல்ல வேண்டும். எழுபது தாண்டிய அம்மா ஒருவர் படிக்கு மேலே மடக்குக் கதிரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார். மடியில் சில்வர் தட்டு. அதில் கிட்கட், கொஃபி கிறிஸ்ப், சின்னச் சிப்ஸ் பைக்கற்றுகள். டைனோசர் உடுப்புப் போட்ட குழந்தை ஒன்று வந்தது. குளிருக்காக உள்ளே ஜக்கெற்றைத் திணித்திருந்ததால் வயிறு புடைத்து, வால் படியில் சிக்கிக்கொண்டது. “ஆற்றை பிள்ளையப்பா இது?” என்று கேட்டார். குழந்தைக்குத் தமிழ் விளங்கவில்லை. பின்னால் நின்ற தாய், மார்க்கம் வீதித் தொடர்மாடியிலிருந்து வருவதாக ஆங்கிலத்தில் சொன்னார். “அவ்வளவு தூரத்திலயிருந்தோ” என்றபடி அம்மா இன்னொரு கை அள்ளிப் பைக்குள் போட்டார்.

அந்தத் தாயைப் போலத்தான் தொடர்மாடிப் பெற்றோர் பலரும். பிள்ளைகள் நிறைய இருக்கும் இடம் அதுதான். ஹலோவீன் மிகக் குறைவாக நடக்கும் இடமும் அதுதான். நீண்ட நடையில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. எதைத் தட்டலாம் என்று சொல்ல வாசல் லைட் கிடையாது. ஒரு கட்டடத்தில் இரண்டு லிஃப்டில் ஒன்று வேலை செய்யவில்லை. ஆகவே வாகனம் உள்ளவர்கள் வேறு இடம் போகிறார்கள். நாங்கள் பேசிய குடும்பங்கள் சில மார்க்கத்தின் கோர்னெல் பகுதிக்குப் போவதாகச் சொன்னார்கள். அங்கே வாகனக் கராஜ்கள் வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கையில் இருக்கின்றன. முன்பக்கத் திண்ணை நடைபாதையை ஒட்டியே இருக்கும், வீடுகளும் நெருக்கம். சின்னக் கால்கள் கொஞ்ச நேரத்தில் நிறைய வாசல் ஏறலாம். ரொறன்ரோ நகர மையத்துக்குச் சற்றுக் கிழக்கே உள்ள றிவர்டேல் அவென்யூ ஹலோவீனுக்கே பேர்போன தெரு. வெளியூர்ப் பிள்ளைகளும் அங்கே குவிகிறார்கள். வாகனம் இல்லாதவர்களோ எமது தெருக்களுக்கு நடந்து வருகிறார்கள், அல்லது வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

“எங்கட தெருப் பிள்ளையளுக்கு வாங்கினதை வெளியாக்கள் வந்து எடுத்துக்கொண்டு போகினம்” என்று இரண்டு உறுப்பினர்கள் எழுத்தில் முறையிட்டார்கள். கொக்கோ விலை 2024 கடைசியில் வரலாறு காணாத உச்சம் தொட்டது. பெட்டியின் விலை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுமை நியாயமானது. ஆனால் மார்க்கம் வீதியைக் கடந்து வரும் பிள்ளையை வெளி ஆள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்களில் அநேகரின் முதல் கனடா முகவரி அப்படியான ஒரு கட்டடத்தில்தான் இருந்தது. செலவைப் பகிர வழி தேடுவோம். பிள்ளைகளைத் தரம் பிரிக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விடயம். 2020இல் பெருந்தொற்றின்போது, ரொறன்ரோ, பீல், யோர்க், ஒட்டாவா பகுதிகளில் வீடு வீடாகப் போக வேண்டாம் என்று ஒன்ராறியோ அரசு கேட்டுக்கொண்டது. அந்த ஆண்டு நிறுத்திய சில வீடுகள் பிறகு தொடங்கவே இல்லை. மற்றது, 2025இல் அதே இரவில் எங்கள் நகரின் புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணி உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தை இங்கே ரொறன்ரோவில் ஆடியது. எட்டு மணி ஆட்டத்துக்காகத் தகப்பன்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தெருக்கள் முன்கூட்டியே வெறுமையாகின. நாங்கள் 3–1 என்று தோற்றோம். அதனால் பிந்தி லைட் போட்ட வீடுகளில் மிஞ்சியதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

2026இல் ஒக்டோபர் 31 சனிக்கிழமை. அன்றிரவு மணிக்கூட்டைப் பின்னால் திருப்புகிறோம், மறுநாள் பள்ளியும் இல்லை. தீபாவளி அதற்கு அடுத்த வார ஞாயிறு, நவம்பர் 8. ஆகவே நிர்வாகக் குழு மூன்று வேண்டுகோளை முன்வைக்கிறது. லைட் போட விரும்பும் வீடுகள் செப்டெம்பர் முடிவுக்குள் பெயர் தந்தால், ஒரே பக்கத்தில் தொடர்ச்சியாக வரும் தெருக்களைப் பிள்ளைகளுக்கு அறிவிக்கலாம். தொடர்மாடிகளில் கீழ்த்தளத்தில் ஒரு தாள் ஒட்டி, விரும்பும் வீட்டு இலக்கங்களை எழுதச் சொல்லலாம். கட்டட நிர்வாகங்களுடன் பேச இரண்டு பேர் தேவை. பிள்ளைகள் அதிகம் வரும் வீடுகளுக்குச் சங்க நிதியிலிருந்து ஒரு பெட்டி கொடுக்கலாமா என்பதைப் பொருளாளரின் அறிக்கைக்குப் பிறகு இந்தக் கூட்டம் வாக்கெடுப்பில் முடிவு செய்ய வேண்டும்.

பெயர் தருவோருக்கான பதிவுத் தாள் தேநீர் மேசையில் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்