ஓட வேண்டாம், பாத்ரூம் வரைக்கும் நடந்தால் போதும்

அன்புள்ள சித்திக்கு,

ஸ்தோத்திரம். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் ‘சரிய்யா, நீ சாப்பிட்டியா’ என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். தங்கச்சியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் இதைப் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் கட்டிலைச் சுற்றி நின்று பேசிவிட்டுப் போன எங்கள் எல்லாருக்கும் இந்தத் தப்பில் பங்கு உண்டு.

கிறிஸ்மஸுக்கு வந்தபோது ஏர் பெட்டின் மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபரில் விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, வைத்த பிளேட்டில் சீழ் பிடித்து, மறுபடியும் ஆபரேஷன் ஆகியிருந்தது. சில்வர் டம்ளரில் ஸ்ட்ரா போட்டு, சாய்ந்தபடி காப்பி குடித்துக்கொண்டே, “ராத்திரியெல்லாம் வலி. ஆண்டவர் எங்க போயிட்டாருன்னே தெரியலய்யா” என்றீர்கள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “பொறுமையா இருங்க சித்தி, எல்லாம் நன்மைக்குத்தான்” என்று ரோமர் 8:28ஐ எடுத்து நீட்டிவிட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினீர்கள். இடுப்பு அசையாதே, முகம் மட்டும்தான் திரும்பியது.

அதற்கு முந்தின வாரம் வந்த ஜெபக்குழுவில் ஒருவர், அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னாராமே. தங்கச்சி சொன்னாள். பிறவிக்குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். “இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்று இயேசு ஒரே வரியில் முடித்துவிட்டார். யோவான் 9ஆம் அதிகாரத்தை அத்தனை வருஷம் வாசித்தவர்கள் அந்த வரியை மட்டும் எப்படித்தான் தாண்டிப் போகிறார்களோ.

பிள்ளைகள், சொத்து, சுகம் எல்லாவற்றையும் ஒரேயடியாக இழந்த யோபுவின் கதையைச் சண்டே ஸ்கூலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் சுரண்டிக்கொண்டதை நீங்கள் நடித்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” மனப்பாட வசனம். அடுத்த வாரமே யோபுவுக்கு ஆடு 14,000, ஒட்டகம் 6,000, எல்லாம் இரண்டத்தனை. கதை முடிந்தது. 42 அதிகாரத்தில் முதல் இரண்டும் கடைசி ஒன்றும்தான் எங்களுக்குக் கிடைத்தது. உங்கள்மேல் குறை இல்லை, பாடப்புத்தகம் அப்படித்தான் இருந்தது.

நடுவில் விட்டுப்போன 39 அதிகாரங்களை இந்த மாதம்தான் ஒழுங்காக வாசித்தேன். மூன்றாம் அதிகாரம் தொடங்கும்போதே மனுஷன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். வயிற்றிலேயே ஏன் சாகாமல் போனேன் என்று கேட்கிறார். ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பார்த்து “நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்” என்கிறார். (கிறிஸ்மஸ் அன்று நீங்கள் என்னை இப்படித் திட்டியிருக்கலாம். வேதத்தில் இடம் இருக்கிறது.) தேவனிடமே வழக்காடுகிறார். இவ்வளவு பேசியவரைத்தான் யாக்கோபு தன் நிருபத்தில் பொறுமைக்கு உதாரணமாகக் காட்டுகிறார். நாம் பொறுமை என்று எதைச் சொல்கிறோம், வேதம் எதைச் சொல்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான்.

நாம் சொல்வது வாயை மூடிக்கொண்டு இருப்பதை. “அந்தம்மா எவ்வளவு வலியிலும் ஒரு வார்த்தை முனகலை” என்றால்தான் நமக்குத் திருப்தி. யோபு முனகியது மட்டுமல்ல, கத்தினார். ஆனால் கத்தியது தேவனைப் பார்த்து. அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் தேவனைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள், தேவனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல்தான். யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்றார். ஆண்டவர் எங்கே போனார் என்று நீங்கள் கேட்டது அவிசுவாசம் இல்லை சித்தி. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தாவீதும் கேட்டிருக்கிறார். “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று சிலுவையில் நம் ஆண்டவரே கேட்டார். சொல்லக் கூடாததைச் சொன்னது அன்றைக்கு நான்தான்.

டோனாவூர் அம்மாவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல். ஆனால் அவர் விழுந்ததும் ஒரு அக்டோபரில்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா? 1931 அக்டோபர் 24. களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர் மங்கலான வெளிச்சத்தில், வெட்டக் கூடாத இடத்தில் வெட்டியிருந்த குழிக்குள் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. சீக்கிரம் நடப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் கண்ணை மூடும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த அறைக்குள்ளேயே. படுக்கையில் இருந்தவருக்கு ஆறுதல் துண்டுப்பிரதிகள் வந்தனவாம். அவை மனதில் ஒட்டவில்லை. அவற்றை எழுதியவர்கள் சுகமாக நடமாடுகிறவர்கள் என்பது அவருக்குப் புரிந்தது. பிறகு நோயாளி நோயாளிக்கு எழுதுகிற மாதிரி அவரே எழுதத் தொடங்கினார். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் நடமாடும் துண்டுப்பிரதிதானே.

நம் சபையில் சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பவர்களைப் பாருங்கள். கட்டி கரைந்தவர், வேலை கிடைத்தவர், விசா வந்தவர். “இன்னும் வலிக்கிறது, இன்னும் ஜெபிக்கிறேன்” என்று ஒருவரும் மைக் பிடித்து நான் கேட்டதில்லை. அப்போஸ்தலன் பவுல், ‘மாம்சத்தில் முள்’ என்று தானே சொன்ன தீராத உபாதையோடுதான் கடைசிவரை ஊழியம் செய்தார். மூன்று தரம் வேண்டியும் அந்த முள் போகவில்லை. “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. அதை நாம் காலண்டரில் ரோஜாப்பூ படத்தோடு அச்சடித்துவிட்டோம், பின்னால் இருக்கிற முள் யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்த வருஷ வாக்குத்தத்த அட்டையை உபதேசியார் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாராம். ஏசாயா 40:31. “அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்வடையார்கள்.” அதைக் கேட்டுவிட்டு, “ஓட வேண்டாம்யா, பாத்ரூம் வரைக்கும் நடந்தா போதும்” என்று நீங்கள் சொன்னதாகத் தங்கச்சி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வசனத்தைத் திரும்ப வாசித்தேன். முதலில் கழுகு மாதிரி எழும்புவது, அப்புறம் ஓட்டம், கடைசியில்தான் நடை. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டு அங்கே அடைபட்டுக் கிடந்த யூத ஜனத்துக்கான ஆறுதல். எருசலேம் விழுந்தது கி.மு. 586 வாக்கில். திரும்பிப் போகலாம் என்று பெர்சிய ராஜா கோரேஸின் கட்டளை வந்தது கி.மு. 538இல். நடுவில் நாற்பத்தெட்டு வருஷம். ஊருக்குப் போவோம் என்று காத்திருந்தே அங்கே செத்துப்போன கிழவிகள் எத்தனை பேரோ. அவர்கள் விசுவாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

நீங்கள் எழுந்து நடப்பீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்கப் போவதில்லை. நடக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறேன், அவ்வளவுதான். நீங்களும் கேளுங்கள். திட்ட வேண்டும் போல் இருந்தால் அவரிடமே திட்டுங்கள்.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். யோபுவின் சிநேகிதர்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று, முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு லீவு இரண்டு நாள்தான். பைபிளை நானாகத் திறக்க மாட்டேன். சனி ராத்திரி தங்கச்சி தூங்கட்டும், நான் பக்கத்தில் பாய் போட்டுக்கொள்கிறேன். சந்தைக்குப் பனங்கிழங்கு வந்துவிட்டது, அவித்து நார் எடுத்துத் தருகிறேன். ஏர் பெட்டின் டியூபில் காற்று கசிகிறது என்றாளே, அதற்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகன்