அந்தக் குழாயை எப்போது எடுப்பீர்கள்?

மருத்துவமனை டீன்களுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். ஒரு சென்ட்ரல் லைனைப் பற்றி, அதாவது இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தி வைக்கும் குழாயைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர், ஏற்கெனவே இரண்டு மருத்துவமனைகளில் படுத்துவிட்டு எங்களிடம் வந்தார். அங்கே என்னென்ன ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள் என்று ரெஃபரல் சீட்டில் ஒரு வரிகூட இல்லை. ரத்த அழுத்தத்துக்கான மருந்துக்காகக் கழுத்தில் சென்ட்ரல் லைன் போட்டோம். மூன்றாம் நாளே அந்த மருந்து நின்றுவிட்டது. லைன் மட்டும் அப்படியே இருந்தது. "இருக்கட்டும் சிஸ்டர், ரத்தம் எடுக்க வசதி" என்றார்கள். நானும் மறுபேச்சுப் பேசவில்லை. எட்டாம் நாள் இரவு நடுக்கத்தோடு காய்ச்சல். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. வீரியமான ஆன்டிபயாடிக்கான மெரோபெனெம் உட்பட ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே 'ரெசிஸ்டன்ட்', அதாவது கிருமி அடங்காது, என்றே இருந்தது. மிஞ்சியது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் கொலிஸ்டின் என்ற மருந்து மட்டும். அவர் பிழைக்கவில்லை.

அந்தக் கிருமி அன்றைக்குத் திடீரென்று வந்ததாக நான் நினைக்கவில்லை. முதலில் கொடுத்த ஆன்டிபயாடிக்குகள் குடலில் இருக்கும் சாதுவான பாக்டீரியாக்களை அழித்து, மருந்துக்கு அடங்காதவற்றுக்கு இடம் விட்டுவிடும். வார்டில் நாள் கூடக்கூட, கழுவாத கைகள் வழியாக இன்னும் சில வந்து சேரும். குழாயின் வாய்ப்பகுதியில் படலமாக ஒட்டி வளர்ந்தால், அங்கிருந்து நேரே ரத்தம்தான். வென்டிலேட்டர், டயாலிசிஸ், சிறுநீர்க் குழாய், வெள்ளணுக்கள் குறைந்த புற்றுநோயாளி எல்லாமே ஆபத்தைக் கூட்டும். நோயாளியின் வயதையும் சர்க்கரையையும் நம்மால் மாற்ற முடியாது. தேவை முடிந்த குழாயை எடுக்க முடியும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதைச் செய்து காட்டி, 2006-இல் முடிவை வெளியிட்டன. கை கழுவுதல், லைன் போடும்போது நோயாளியை முழுதாக மூடுதல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடை ரத்தக்குழாயைத் தவிர்த்தல், தேவையற்ற லைனை எடுத்தல். இவ்வளவுதான். லைன் வழித் தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது. படிகள் தவறினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அங்கே செவிலியருக்கு இருந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இது நமக்குப் புதிய செய்தி இல்லை. 2010-இல், மெரோபெனெம் போன்ற மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்ற பாக்டீரியா நொதியைப் பற்றி உலகமே பேசிய ஆய்வில் சென்னையின் மாதிரிகளும் இருந்தன. 2012-இல் மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க மருத்துவர்கள் கூடி வகுத்த திட்டத்துக்குச் 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர். 2014 மார்ச்சிலிருந்து மெரோபெனெம் போன்றவை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் மருந்துக்கடையைக் கட்டுப்படுத்தும். எங்கள் வார்டுக்குள் நடப்பதை நீங்கள்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

நான் கேட்பது இவை. காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு லைனுக்கும் இன்று எத்தனையாவது நாள், ஏன் இன்னும் வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். "எடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்கும் செவிலியரை அதட்டக் கூடாது என்று உங்கள் கையெழுத்தோடு சுற்றறிக்கை வேண்டும். ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க இரவிலும் பாட்டில்கள் இருக்க வேண்டும். வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது, கொடுத்த ஆன்டிபயாடிக்குகளும் கல்ச்சர் முடிவும் சீட்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஆள் பலம். இரவில் ஒரே செவிலியர் நான்கு வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தால், ஒரு படுக்கையிலிருந்து அடுத்ததற்கு ஓடும் அவசரத்தில் கை கழுவுவதுதான் முதலில் விடுபடும். அதற்குப் பிறகு எங்களுக்கு மெமோ கொடுத்துப் பயனில்லை.

இப்படிக்கு,
ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்