மல்யுத்த மேடையை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலை அந்நாட்டின் சினிமா, இசை, தொலைக்காட்சி வழியாகப் பார்த்த உங்கள் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு சொன்னது, அவருடைய ஹூஸ்டன் கூட்டத்துக்குப் பாடகி பியான்சே வந்தது எல்லாம் அதில் இருக்கின்றன. அப்படியும் தேர்வாளர் வாக்குகளில் டிரம்ப் 312, ஹாரிஸ் 226 என்று முடிந்ததால், கலைஞர்களுக்கு இனி அரசியலில் மதிப்பில்லை என்கிறார் கட்டுரையாளர். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் பாட்டு மேடையைப் பார்த்தார், மல்யுத்த மேடையைப் பார்க்கவில்லை.

டிரம்புக்கும் தொலைக்காட்சி மல்யுத்தத்துக்கும் உள்ள உறவு பழையது. 1988, 1989 இரண்டு ஆண்டுகளும் ரெஸில்மேனியா என்ற பெரிய வருடாந்திர மல்யுத்த நிகழ்ச்சி அட்லாண்டிக் சிட்டியில் நடந்தபோது அதை வரவழைத்தது அவருடைய சூதாட்ட விடுதிதான். 2007இல் டெட்ராய்ட்டில் அவரே பந்தயத்தில் இறங்கினார். அவரும், அந்த நிகழ்ச்சியை நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மக்மேனும் ஆளுக்கொரு வீரரை நிறுத்தினார்கள். யாருடைய ஆள் தோற்கிறாரோ அவருக்கு மொட்டை. டிரம்பின் ஆள் ஜெயித்தார். அரங்கம் நிறைந்த கூட்டத்தின் நடுவே மக்மேனின் தலையை டிரம்பே மழித்தார்.

அந்த மேடையில் பேச்சுதான் பாதி ஆட்டம். எதிராளிக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, கூட்டம் அதையே திரும்பக் கத்தும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வது உண்மையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற ஹிலாரியை வஞ்சகி என்றும் பைடனைத் தூங்குமூஞ்சி என்றும் டிரம்ப் ஓயாமல் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். 2024 ஜூலையில் மில்வாக்கியில் நடந்த கட்சி மாநாட்டில் பழைய மல்யுத்த நட்சத்திரம் ஹல்க் ஹோகன் சட்டையைக் கிழித்துக்கொண்டு நின்றபோது, குடியரசுக் கட்சித் தொண்டர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மல்யுத்த ரசிகர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. முடிவு முன்பே எழுதப்பட்டது என்று தெரிந்தும் மனமார ரசிப்பவர்கள் அவர்கள். விலைவாசி போன்ற நிஜக் காரணங்களும் டிரம்புக்கு விழுந்த வாக்குகளுக்குப் பின்னால் இருந்தன, சரி. என் கவலை வேறு. மேடையில் அடித்துக்கொண்டவர்கள் திரைக்குப் பின்னால் கைகுலுக்கிக்கொள்வார்கள். தேர்தலுக்கு அப்படி ஒரு திரை கிடையாது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்கள், 2020 தேர்தல் திருடப்பட்டது என்ற பேச்சை நிஜமாகவே நம்பினார்கள். அங்கே காவலர்கள் வாங்கிய அடியும் நிஜம்.

அப்புறம், வின்ஸின் மனைவியும் அந்த நிறுவனத்தை நடத்தியவருமான லிண்டா மக்மேன் 2025இல் டிரம்பின் கல்வி அமைச்சரானார். இவ்வளவும் கண்முன் இருக்க, கட்டுரையில் மல்யுத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். இரண்டாம் பகுதி வருமானால், பல வருடம் மல்யுத்தம் பார்த்து ரசித்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்