ஆறாவது காப்பியில் புள்ளி விழாது

அன்புள்ள கண்ணு,

மலைக்கிராமத்து ஆளை ராத்திரியில் கூட்டிப்போய் அடித்ததைத் துணிந்து பத்திரிகையில் எழுதினாய். அதில் அவர் அப்பன் பேர் மாறிப்போச்சு. அதையே பிடித்துக்கொண்டு செய்தியே பொய் என்கிறார்களாம். திருத்தம் போட்டால் மானம் போய்விடும் என்று போனில் அழுதாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

அரூரில் என்னிடம் டைப்பிங் படித்தபோது ஒரே மூச்சில் ஆறு காப்பி எடுக்கச் சொல்வேனே, ஞாபகமிருக்கா? மேனிஃபோல்டு என்கிற மெல்லிய தாள், இடையிடையே கார்பன். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் நாலாவது தாளிலேயே எழுத்து மங்கும், ஆறாவதில் புள்ளியே விழாது. கண்ணன் 'கணணன' ஆகிவிடுவான். (ஓலைச்சுவடிக்காரர்கள் ஓலை கிழியுமென்று புள்ளியே வைக்கவில்லை. அவர்கள் பாடு தேவலை.)

இப்படிக் கார்பன் வைத்தே சோவியத் ரஷ்யாவில் ரகசியமாக ஒரு பத்திரிகை 15 வருஷம் ஓடியிருக்கிறது. 'நடப்பு நிகழ்ச்சிகளின் குறிப்பேடு' என்று பேர். 1968 ஏப்ரல் 30 தேதியிட்ட முதல் இதழை மாஸ்கோவில் தட்டச்சு செய்தவர் நத்தாலியா கோர்பனேவ்ஸ்கயா. கவிஞர், அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. கையில் கிடைத்தவர் தானும் சில காப்பி அடித்துக் கைமாற்றுவார். முகப்பில் மனித உரிமைப் பிரகடனத்தின் 19-வது பிரிவு, அதாவது கருத்துச் சொல்லும் உரிமை. உள்ளே யாரைப் பிடித்தார்கள், எந்தத் தேதி, எந்தச் சட்டப்பிரிவு, எந்தச் சிறை முகாம், அவ்வளவுதான். அடைமொழி இல்லை, சாபம் இல்லை. விலாசமும் இல்லை. சேதி சொல்ல வேண்டுமா, இதழைக் கொடுத்தவரிடம் சொல், அவர் தனக்குக் கொடுத்தவரிடம் சொல்வார். நீயாக அந்தச் சங்கிலியைப் பிடித்து மேலே போகாதே, போலீஸ் உளவாளி என்று நினைப்பார்கள். இதை அவர்களே அச்சடிக்காத அந்தத் தாளில் எழுதி வைத்தார்கள்!

இத்தனை கை மாறினால் பிழை விழாமலா இருக்கும்? விழுந்தது. அடுத்தடுத்த இதழில் திருத்தமும் வந்தது. பிடிபட்டால் ஜெயில் என்று தெரிந்தும் ஒரு பேரைச் சரிசெய்ய மறுபடி மெஷினில் தாள் ஏற்றினார்கள். கோர்பனேவ்ஸ்கயாவை 1969 டிசம்பரில் பிடித்து, மனநோயாளி என்று முத்திரை குத்தி அடைத்தார்கள். 1972இல்தான் வெளியே விட்டார்கள். இதழ் வேறு கைகளில் 1983 வரை வந்தது.

நம் பக்கத்து வாச்சாத்தியை நினைத்துப் பார். 1992 ஜூன் 20-ல் வனத்துறையும் போலீசும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்து அடித்து, பெண்களைச் சீரழித்ததையும் முதலில் பொய் என்றுதான் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி கோர்ட்டில், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. அந்தப் பெண்கள் சொன்னது 19 வருஷம் கழித்தும் நின்றது கண்ணு.

நாளைக்கே மலையேறு. அந்த வீட்டில் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து, அப்பன் பேரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு வா. திருத்தத்தை மூலையில் தள்ளாமல் செய்தி வந்த அதே பக்கத்தில் கேள்.

சேலம் போனால் எனக்குக் கறுப்பு ரிப்பன் ரெண்டு. ஃபேசிட் மெஷினுக்கு.

உன் டைப்பிங் சார்