மூணு மணி முழிப்பு

மக்களே,

உன் படபடப்புக்கும் தூக்கமில்லாமைக்கும் என்ன செய்யணும் என்று போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவாய். தாளில் இருந்தால் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வரும்போது எடுத்துப் பார்க்கலாம், அதுதான் எழுதுகிறேன்.

நெஞ்சு படபடக்கும்போது மனசைப் பார்த்து "அடங்கு" என்று சொல்லிப் பலனில்லை. இதயத் துடிப்பும் நம் சொல் கேட்காது. மூச்சு மட்டும் கேட்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடும். விடும்போது வேகஸ் என்ற நரம்பு அதை இழுத்துப் பிடிக்கும். அதனால் விடுகிற மூச்சுதான் நீளமாக இருக்கணும். முதுகைச் சாய்த்து உட்கார். ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழு, 6 எண்ணும் வரை விடு. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். வயிற்றுக் கை எழும்பணும், நெஞ்சுக் கை சும்மா இருக்கணும். 5 நிமிஷம் போதும்.

இதில் எல்லாருக்கும் வருகிற தப்பு ஒன்று உண்டு. "நல்லா இழுத்து விடு" என்று யாராவது சொல்ல, நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விடுவார்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரலும் உதடும் மரத்துப் போகும். அதைப் பார்த்து வெப்ராளம் இன்னும் கூடும். மூச்சு மெதுவாக இருந்தால் போதும், பெரிதாக வேண்டாம். 4-6 முட்டினால் 3-4இல் தொடங்கு. படபடப்பு இல்லாத நேரத்திலேயே காலையும் சாயங்காலமும் பழகு. நீச்சல் படிக்கிறவன் குளத்தில்தான் இறங்குவான், முட்டத்துக் கடலில் இல்லை.

இனி தூக்கம். முழிப்பு வந்தால் போனில் மணி பார்க்காதே. இருபது நிமிஷம் ஆகியிருக்கும் என்று தோன்றினால் கட்டிலை விட்டு எழும்பு. மங்கின வெளிச்சத்தில், சுவாரசியமே இல்லாத எதையாவது படி. கண் சொக்கினால் மட்டும் திரும்பப் படு. புரண்டுகொண்டே கிடந்தால், கட்டில் என்றாலே கவலைப்படுகிற இடம் என்று உடம்பு படித்துக்கொள்ளும். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் சொன்ன முறை இது, இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையில் நிற்கிறது. ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் எழும்புகிற நேரம் மாறக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. போன தூக்கத்தைப் பிடிக்க ஒன்பது மணிக்கே படுப்பதும், ஞாயிறு பத்து மணி வரை கிடப்பதும்தான் அடுத்த ராத்திரியைக் கெடுக்கிறது. எழும்பின ஒரு மணி நேரத்துக்குள் வெளியே இறங்கிக் கொஞ்சம் நட. உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அந்த வெளிச்சம்தான்; ஜன்னலுக்கு உள்ளே இருந்தால் அது பாதிகூடக் கிடைக்காது.

காப்பியைப் பற்றிச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், பரவாயில்லை. பகல் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துதான் தூக்கம் வருகிறது. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காப்பியில் இருக்கிற கஃபீன் உட்கார்ந்துகொள்ளும். குடித்ததில் பாதி வெளியேற சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்துக்குக் குடித்தது பத்து மணிக்கும் பாதி உள்ளே நிற்கும். கடைசிக் காப்பி பகல் ஒரு மணிக்கு முன்னால் ஆகட்டும், கட்டன் சாயாவும் இதில் சேர்த்தி. சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் மட்டும் போட்ட சுக்குக்காப்பியில் கஃபீன் கிடையாது. சில வீடுகளில் கடைசியில் அரை ஸ்பூன் காப்பித்தூள் தட்டுவார்கள், அது கணக்கில் வரும் கேட்டியா. ஒரு பெக் போட்டால் தூக்கம் வரும் என்று கூட இருக்கிறவன் சொல்வான். வரும். சாராயம் உடம்பில் கரையக் கரைய, ராத்திரியின் பின்பாதி உடையும். மூணு மணி முழிப்புக்கு அதுவே ஒரு காரணம்.

சோலியைப் பற்றின நினைப்புக்கு ஒரு தாள் வை. சாயங்காலம் 15 நிமிஷம், நாற்காலியில், கட்டிலில் அல்ல. இடப்பக்கம் உறுத்துகிற விஷயம், வலப்பக்கம் அதற்கு அடுத்துச் செய்யப்போகிற சின்ன வேலையும் கிழமையும். "பிராஜெக்ட்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "செவ்வாய், அந்த இரண்டு பக்கத்தை அனுப்பணும்" என்று எழுது. அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், படுக்குமுன் 5 நிமிஷம் இனி செய்ய வேண்டியதை எழுதினவர்கள், செய்து முடித்ததை எழுதினவர்களைவிடச் சுமார் 9 நிமிஷம் முந்தித் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் செலவு ஒரு தாள்.

நடை வாரத்துக்கு 150 நிமிஷம். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். நீ வாங்கின தியான ஆப்பும் வாசனை மெழுகுவர்த்தியும் கெடுதல் ஒன்றும் செய்யாது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்காதே. முதல் இரண்டு வாரம் எழும்புகிற நேரமும் மூச்சும் மட்டும். அதற்குள் இரத்தம் கொடுத்து ஹீமோகுளோபினும், தைராய்டுக்குப் பார்க்கிற டி.எஸ்.எச்.-உம் பார்த்துவிடு. இரத்தச்சோகையிலும் படபடப்பு வரும். தைராய்டு கூடுதலாகச் சுரந்தால் தூக்கமும் போகும், மனசைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருப்போம். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வேர்த்தால் மூச்சுப் பயிற்சி பார்க்காதே, நேரே ஆஸ்பத்திரி. இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். வாழவே வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தால் அன்றைக்கே கூப்பிடு, எனக்கும் கூப்பிடு, மணி பார்க்க வேண்டாம்.

பார்சலில் கருப்பட்டியும் சுக்கும் மட்டிப்பழமும் வைத்திருக்கிறேன். காப்பித்தூள் வைக்கவில்லை.

அம்மா
வடசேரி, நாகர்கோவில்