ஒரு அம்புக்குறியை நகர்த்த எத்தனை பதிப்பு வேண்டும்?

சிறுவர் கலைக்களஞ்சியம் வெளியிடும் பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டவன் நான். படித்ததும் உங்களுக்கே புரிந்துவிடும். அமெரிக்கக் கண்டத்துக்கு முதல் மனிதர்கள் வந்த வழியைக் காட்டும் வரைபடத்தைப் பற்றித்தான் மறுபடியும். தயவுசெய்து அதை மாற்றுங்கள்.

போன மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் வினாடி வினா. பனியுகத்தில் மனிதர்கள் அலாஸ்காவிலிருந்து தெற்கே எந்த வழியாகப் போனார்கள் என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "பசிபிக் கடலோரமா" என்றாள். நடுவர் உங்கள் புத்தகத்தைப் பிரித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். இரண்டு பனிப்பாளங்களுக்கு நடுவே தடித்த சிவப்பு அம்பு, ஒன்றே ஒன்று. பதில் தவறு, பரிசும் போயிற்று. கடலோரக் கதையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். வெளியே வந்ததும் கேட்டாள்: "அப்ப நீங்க சொன்னது பொய்யா சார்?"

பொய்யில்லை. கனடாவை மூடிக் கிடந்த லாரன்டைட், கார்டில்லெரன் என்ற அந்த இரண்டு பனிப்பாளங்களும் விலகி நடுவே முழு வழி திறந்தது சுமார் 13,800 ஆண்டுகளுக்கு முன்புதான் என்று 2022-இல் வந்த காலக்கணிப்பு சொல்கிறது. திறந்த அன்றே நடந்துவிட முடியுமா? பனி உருகிய இடத்தில் முதலில் சேறும் ஏரியும்தான். அப்புறம் புல் முளைத்து, காட்டெருமை வந்து, தின்ன ஏதாவது கிடைக்க வேண்டும். ஆனால் பனிப்பாளங்களுக்குத் தெற்கே, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள கூப்பர்ஸ் ஃபெர்ரியில் ஏறக்குறைய 16,000 ஆண்டுப் பழைய கல்கருவிகள் கிடைத்திருக்கின்றன. கதவு திறக்கும் முன்பே வீட்டுக்குள் ஆள்! கடலோரப் பனியோ முன்னதாகவே பின்வாங்கியிருந்தது. மீனும் சிப்பியும் கிடைக்கிற கரை அது.

இன்னும் தெற்கே, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒயிட் சாண்ட்ஸ் என்ற இடத்தில் கிடைத்த மனிதக் கால்தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுப் பழையவை என்று 2021-இல் அறிவித்தார்கள். சிலர் சந்தேகப்பட்டார்கள், மகரந்தத்தை வைத்துக் கணக்கிட்டாலும் அதே காலம்தான் வந்தது. பனி உச்சத்தில் இருந்த நேரம். உங்கள் அம்பு போகும் இடத்தில் அப்போது ஊசி நுழையவும் வழியில்லை. அவர்கள் பனி மூடும் முன்பே வந்தார்களா, கரையோரமாக வந்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சரி, அந்த வாதத்தையாவது இரண்டு வரி எழுதியிருக்கலாமே?

நடுவழியை அழிக்கச் சொல்லவில்லை. பின்னாளில் அதிலும் போயிருப்பார்கள். கடலோரமாக இன்னொரு கோடு போடுங்கள், அவ்வளவுதான்.

ஐந்து பதிப்பு கண்ட புத்தகம். ஒவ்வொரு முறையும் அட்டை மாறுகிறது, விலை தவறாமல் மாறுகிறது. உள்ளே புளூட்டோ இன்னும் ஒன்பதாவது கோளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை இறக்கியது 2006-இல். கண்டத்தை மூடிய பனிப்பாளமே நகர்ந்துவிட்டது, உங்கள் அச்சகத்தில் ஒரு அம்பு நகர மாட்டேன் என்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். புளூட்டோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த பதிப்பில் அந்த வரைபடத்தை மட்டும் திருத்தித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இலவசப் பிரதி வேண்டாம், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூன்றாவது கடிதம் எழுதும் வாசகன்