இலகாகாவுக்குப் புறப்பட நினைக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தோஹா வேலையை விட்டுவிட்டு, சேமிப்பை எடுத்துக்கொண்டு மடகஸ்காருக்குக் கல் வாங்கப் போக விரும்புவதாக நீ எழுதியதை உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போகாதே என்று நான் தடுக்கப்போவதில்லை. 1999இல் அதே ஆசையில் போனவன்தான் நானும்.

அதற்கு முந்திய ஆண்டு வரை மடகஸ்காரின் இலகாகா என்ற அந்த இடம், நெடுஞ்சாலையோரத்துச் சில குடிசைகள் மட்டுமே. சஃபயர் என்னும் நீலக்கல் கிடைத்தது தெரிந்ததும் ஆயிரமாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். நாம் இல்லம் என்று சொல்லும் கல்லடுக்கை எட்டும் வரை ஆள் நுழையுமளவு குழி தோண்டி, மண்ணைச் சாக்கில் ஏற்றி, ஆற்றில் அரித்தெடுப்பார்கள். இலங்கையில், நம் இரத்தினபுரியில் குழிக்கு அனுமதிப்பத்திரமும், வேலை முடிந்ததும் அதை மூடுவதற்கான வைப்புப் பணமும் கேட்கிறார்கள். இலகாகாவில் நான் கண்ட குழிகள் பலவும் திறந்தே கிடந்தன. தோண்டியவன் கையில் கிடைத்த விலை அன்றைய சோற்றுக்குப் போதுமானதாக இருந்தால் அதிகம். வாங்க உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்களும் தாய்லாந்துக்காரர்களும்.

இதில் நமக்கு ஒரு பழைய கதை உண்டு. பால் போல் மங்கிய கெவுடாக் கல்லை நம் ஊரில் மதிப்பற்றதென்று ஒதுக்கிவந்த காலத்தில், 1970களில், தாய்லாந்து வியாபாரிகள் அதை அள்ளிப்போய், 1,500 பாகைக்கு மேல் சூடேற்றி, நல்ல நீலமாக்கி விற்றார்கள். கல் நம்முடையது, இலாபம் உலை தெரிந்தவனுடையது. அன்று நாம் இருந்த இடத்தில்தான் இன்று மடகஸ்கார் மக்களான மலகாசியர்கள் இருக்கிறார்கள். பட்டை தீட்டக் கற்றுக்கொடுக்க உலக வங்கியின் உதவியோடு தலைநகர் அந்தனானரிவோவில் ஒரு நிலையம் வந்தும்கூட, பெரும்பாலான கல் பட்டை தீட்டாமலே நாட்டை விட்டுப் போகிறது. 2008இல் அரசு ஏற்றுமதியையே நிறுத்தியபோது, வாங்கிய கல்லை வைத்துக்கொண்டு வெளியே கொண்டுவர வழியில்லாமல் தவித்தவர்களை நான் அறிவேன். அத்தகைய உத்தரவுக்கு உன் சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் பார். 2016இல் பெமைந்தியில், பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் நடந்தது போன்ற தோண்டல் என்றால், எவ்வளவு பெரிய நீலம் வந்ததாகச் சொன்னாலும் நீ போகக்கூடாது.

இன்னொன்று, மகன். ஆதியில் அந்த மண்ணும் நம் மண்ணும் ஒரே நிலப்பரப்பாக இருந்தவை என்பதால் கற்களும் ஒத்திருக்கும். அந்தக் கல்லை இங்கே கொண்டுவந்து வெட்டி, சிலோன் கல் என்று கூடுதல் விலைக்கு விற்கலாம் என்று உனக்குச் சொல்பவர்கள் நம் கல் சந்தையான சீனன்கோட்டையிலேயே இருப்பார்கள். அந்தப் பணம் நம் வீட்டுக்கு வேண்டாம்.

நான் வாங்கிய முதல் பொட்டலத்தில் இரண்டு கற்கள் செயற்கையானவை. வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் வளைந்த கோடுகளைப் பார்த்த பின்னர்தான் தெரிந்தது. இயற்கைக் கல்லில் அக்கோடுகள் நேராகவே ஓடும். அவ்விரண்டும் இன்னும் என் மேசை இழுப்பறையில் உள்ளன. விடுமுறைக்கு வா. அசல் கற்களோடு அவற்றைக் கலந்து உன் முன்னால் வைக்கிறேன். நீ பிரித்துக் காட்டிய பிறகு பயணச்சீட்டைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
வாப்பா